கருகாத வட்டம்

"செத்தவனைத் தேடறது சுலபம் பாஸ். போட்ட இடத்துல கிடப்பான். உயிரோட இருக்கிறவன்தான் இடம் மாறிக்கிட்டே இருப்பான்."

பஸ்தியன் மெதுவாகத்தான் சொன்னான். ஆனால் அவன் வாயைத் திறந்த அந்த நேரம் பார்த்து ஆற்றில் படகின் மோட்டாரை நிறுத்தியிருந்தார்கள். ஒவ்வொரு சொல்லும் ஒதிலின் காதில் வந்து விழுந்தது. அவள் திரும்பிப் பார்த்ததும் அவன் முகம் சுண்டிப்போனது.

"மன்னிச்சிடுங்க மேடம். என் வாய்க்குப் பூட்டு கிடையாது."

"நல்லதாப் போச்சு. தையல் போட்டுடலாம்," என்றாள் சபீன்.

சபீன் வெர்தியே பிரான்ஸின் ஒசேர் நகரத்தில் துப்பறியும் அலுவலகம் நடத்துபவள். ஐம்பதைத் தாண்டிய குள்ளமான பெண்மணி. கோட்டுப் பையில் எப்போதும் வால்நட் இருக்கும். யோசிக்கும்போது கையாலேயே உடைத்துத் தின்பாள். பஸ்தியன் அவளுடைய உதவியாளன். தெற்கே வெயில் காயும் பெசியே ஊர்க்காரன், ஏப்ரல் மாதத்தில் இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தான். போலீஸை மட்டும் நம்பி உட்கார முடியாமல் ஒதில்தான் இவர்களை அழைத்திருந்தாள். காலையில் வந்து வீட்டையும் ஒயின் நிலவறையையும் பார்த்துவிட்டு, இப்போது செரென் ஆற்றங்கரையில் நின்றார்கள்.

ஒதிலின் கணவன் காஸ்பாரைக் காணாமல் இது மூன்றாவது நாள். செவ்வாய்க்கிழமை இரவு உறைபனி இறங்கியது. ஷப்லி வட்டாரத்தில் திராட்சை வைத்திருக்கும் யாரும் அந்த இரவு படுக்கவில்லை. இளம் துளிர்களைக் காப்பாற்ற வரிசைக்கு வரிசை மெழுகு டின்களைக் கொளுத்திக்கொண்டு அலைந்தார்கள். சாலைக்கு மேலே இருந்த தோட்டத்தை ஒதில் பார்த்துக்கொண்டாள், கீழே பள்ளத்தில் இருந்ததைக் காஸ்பார். விடிந்த பிறகு அவன் வீட்டுக்கு வரவில்லை.

போலீஸ் அதிகாரி லெகோந்த் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் கெட்ட செய்தி சொல்பவர்கள்தான் இவ்வளவு நல்லவர்களாக இருக்கிறார்கள் என்று ஒதிலுக்கு எரிச்சலாக வந்தது.

"மேடம், மத்தியானத்தோட படகை எடுத்துடறோம். மழை வருது. தண்ணி ஏறிட்டா ஆளுங்களை இறக்க முடியாது."

"அவர் ஆத்துக்குத்தான் வந்தார்னு என்ன நிச்சயம்?" என்றாள் சபீன்.

"பக்கத்துத் தோட்டத்து ஃபிர்மன் பாத்திருக்கார். விடியற நேரம், வெளிச்சம் அப்பதான் வருது. காஸ்பார் கருகிப்போன துளிரை உருவிப் பாத்துட்டு, தலையில கை வெச்சுக்கிட்டு ஆத்துப் பக்கம் நடந்தார்னு சொன்னார். அதோட பாதி டின்னைப் பத்த வெக்கவே இல்லை. மனசு விட்டுட்டார் போல."

மனசு விட்டுட்டார். இந்த ஒரு சொல்தான் மூன்று நாளாக ஒதிலைத் தின்றுகொண்டிருந்தது. ஆற்றில் விழுந்து செத்தான் என்றால் அழுதுவிடலாம். தன்னை விட்டுப் போகவேண்டும் என்றே போனான் என்றால் என்ன செய்வது? அன்று மாலை அவள்தான் சொன்னாள், இந்த வருஷமும் பனி தின்றுவிட்டால் அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று. கோபத்தில் சொன்னது. அவனுக்கு அது தெரியுமா தெரியாதா என்று கேட்பதற்கு அவன் வேண்டும்.

"கிளம்புங்க," என்றாள் சபீன். "ஆத்தை இவங்க பாத்துக்கட்டும். எனக்கு அந்தப் பாதி டின்னைப் பாக்கணும்."

காரில் பஸ்தியன் ஒரு நிமிடம் சும்மா இருந்து பார்த்தான். முடியவில்லை.

"எங்க ஊர்ல கொடியை நட்டுட்டு ஆளுங்க தூங்கப் போயிடுவாங்க மேடம். மிச்சத்தை வெயில் பாத்துக்கும். நீங்க ஏன் இந்த ஐஸ் பொட்டியில வந்து நட்டீங்க?"

வேறு நேரமாக இருந்தால் ஒதில் அவனை இறக்கிவிட்டிருப்பாள். இப்போது யாராவது எதையாவது பேசினால் போதும் என்றிருந்தது.

"உங்க ஊர் ஒயின் கொழுத்துப்போய் மத்தியானமே கொட்டாவி விடும். இங்க கொடி குளிர்ல நடுங்கி, சுண்ணாம்புக் கல்லுக்குள்ள வேரை விட்டு, அரைப்பட்டினியா வளருது. அதனாலதான் குடிச்சா நாக்குல கத்தி வெச்ச மாதிரி இருக்கு. குளிரை எடுத்துட்டா அது எங்க ஒயினே இல்ல."

"அந்தக் கத்தி உங்களையே குத்துதே."

"குத்துது," என்றாள் ஒதில். "வருஷா வருஷம் அதைத் தீட்டிக் கொடுக்கறதும் நாங்கதான்."

சபீன் கண்ணை மூடியபடி கேட்டாள். "விடியறப்ப நீங்க மேல் தோட்டத்துல இருந்தீங்க. துளிர் எப்படி இருந்தது? கண்ணால பாத்ததை மட்டும் சொல்லுங்க."

"எப்படி இருக்கும். கண்ணாடி மாதிரி விறைச்சு, உள்ள பச்சையா..."

ஒதில் நிறுத்திவிட்டாள். கை தானாகக் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டது.

"எப்ப கருகும்?"

"வெயில் பட்டு உருகணும். அப்புறம் துவளணும். பத்து மணிக்கு முன்னால கறுப்பைப் பாக்கவே முடியாது. விடியறப்ப எல்லாத் துளிரும் பச்சையாத்தான் இருக்கும், செத்ததும் சரி, பொழைச்சதும் சரி." அவள் நெற்றியில் அறைந்துகொண்டாள். "கடவுளே. இதை நான் எப்படிக் கேட்டுக்கிட்டு சும்மா இருந்தேன்?"

"அவர் ஆறுன்னு சொன்னதும் உங்க காது அடைச்சிருக்கும். லெகோந்துக்குத் திராட்சை கடையில விக்கிற பழம். அவருக்கு எப்படித் தெரியும்?"

"ஆனா ஃபிர்மனுக்குத் தெரியுமே! பொறந்ததுல இருந்து கொடிக்குள்ளதான் கிடக்கார்."

"பொய் சொல்றவன் மனசுல கடைசியாப் பதிஞ்ச படத்தைத்தான் எடுத்து ஒட்டுவான். ஃபிர்மன் மனசுல விடியற்காலை இல்ல. கறுத்துப்போன மத்தியானம் இருக்கு. ஓட்டு பஸ்தியன், ஏன் ஊர்ற?"

சரிவின் அடியில் இறங்கியபோது மேற்கே வானம் ஈயம் போலத் திரண்டிருந்தது. டின் எரிந்த இடங்களும் தப்பவில்லை; மேலிருந்து கீழ் வரை திராட்சை வரிசைகள் தீய்ந்து தொங்கின. இந்தப் பக்கத்துச் சரிவுகளில் குளிர் காற்று தண்ணீர் போலக் கீழே வழிந்து பள்ளத்தில் தேங்கும். மேடு தப்பினாலும் பள்ளம் தப்பாது. அதனால்தான் காஸ்பார் அடியிலிருந்து டின்களைப் பற்றவைத்துக்கொண்டு போயிருந்தான். எரிந்து தீர்ந்த டின்களைப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். வரிசை சட்டென்று நின்றது. அதற்கப்புறம் மூடியே திறக்காத டின்கள்.

அது நின்ற இடத்துக்குப் பக்கத்தில், ஃபிர்மனின் தோட்டத்தில் பாதியும் காஸ்பாரின் தோட்டத்தில் பாதியுமாக, ஒரு பச்சை வட்டம். ஒரு குதிரை லாயம் அளவுக்கு இருக்கும். அதற்குள் ஒரு துளிர்கூடக் கருகவில்லை.

"இது முன்னாடியே தெரியுமா உங்களுக்கு?" என்றாள் சபீன்.

"சமையலறை ஜன்னல்ல இருந்து தெரியும். அங்க இருந்து பாத்தா முழுசும் ஃபிர்மன் பக்கம் மாதிரிதான் இருக்கும்." ஒதிலுக்குச் சொல்லவே கூச்சமாக இருந்தது. "மூணு நாளாப் பாக்கறேன். எங்களுக்கு எல்லாம் போச்சு, ஃபிர்மனுக்கு மட்டும் எப்படித் தப்பிச்சுதுன்னு வயிறு எரிஞ்சேன். புருஷனைக் காணோம், அந்த நேரத்துலயும் எரிஞ்சேன்."

"கிட்ட வந்து பாக்கலையா? ஊர்ல ஒருத்தரும் பாக்கலையா?"

"பனி விழுந்த பின்னால அடுத்தவர் கொடிக்குள்ள யாரும் காலெடுத்து வெக்க மாட்டோம். எழவு வீட்டுல போய்ப் பானையைத் திறந்து பாக்கற மாதிரி அது. தப்பிச்சவங்களும் தப்பிச்சேன்னு சொல்ல மாட்டாங்க."

"நல்ல பழக்கம். திருடனுக்கு ரொம்ப நல்ல பழக்கம்," என்றான் பஸ்தியன். "பாஸ், கேஸ் முடிஞ்சுது. ஃபிர்மன் இவங்க டின்னைத் திருடி இங்க கொளுத்தியிருக்கார். காஸ்பார் கையும் களவுமாப் பிடிச்சிருக்கார். சண்டை. ஒரு தள்ளு."

"புகை எங்கே?"

"என்ன?"

"டின் எரிஞ்சா மண்ணுல வட்டமாக் கரி விழும். அந்த வரிசையில விழுந்திருக்கு பார். இங்க ஒரு பொட்டுக் கரி இல்ல, ஒரு சொட்டு மெழுகு இல்ல. அதுவும் இந்தப் பள்ளத்துல, முதல்ல சாகவேண்டிய கொடி இது. புகையில்லாம, தீயில்லாம யார் இதுக்குப் போர்வை போத்தினது?"

சபீன் ஒரு வால்நட்டை உடைத்தாள். தின்ன மறந்து கையிலேயே வைத்திருந்தாள். காற்று எழும்பியது. பஸ்தியன் கழுத்தை ஸ்வெட்டருக்குள் இழுத்துக்கொண்டான்.

"போர்வையை எனக்குப் போத்தியிருக்கலாம். இந்த ஊர்ல நான் கதகதப்பா இருந்தது காலையில இவங்க நிலவறைக்குள்ள நின்னப்ப மட்டும்தான். பூமிக்கு அடியில போய்க் குளிர் காயற ஜாதி இங்கதான் இருக்கு."

"திரும்பச் சொல்லு."

"எந்த ஜோக்கை?"

"ஜோக் இல்லாததை!"

அவன் விழித்தான். ஆனால் ஒதிலுக்குப் புரிந்துவிட்டது.  நிலவறைக்கு வேனிலும் தெரியாது, பனியும் தெரியாது. வெளியே துளிர் விறைத்துச் சாகும்போதும் உள்ளே ஒரே கதகதப்பு.

"இதுக்குக் கீழ நிலவறை இருக்கா?" என்றாள் சபீன்.

"நிலவறை இல்ல. குவாரி. அந்தக் காலத்துல மாதா கோயில் கட்ட இந்த மலையைக் குடைஞ்சு கல் எடுத்திருக்காங்க. வாய் எல்லாம் எப்பவோ மூடிப்போச்சு, எங்க இருந்ததுன்னு யாருக்கும் தெரியாது. மார்ச்சுல பெஞ்ச மழை..."

"மழையில மேல் மண் கரைஞ்சு கூரை மெலிஞ்சிருக்கு. டின்னைத் தூக்கிக்கிட்டு வந்தவர் காலை வெச்சதும் உள்ள போயிடுச்சு. ராத்திரி பூராவும் அந்த ஓட்டை வழியா அடியில இருந்த கதகதப்பு மேல வந்துக்கிட்டே இருந்திருக்கு. சுத்தி இருந்த கொடி பொழைச்சுது. அவர் மனசு விடலை ஒதில். வேலைக்கு நடுவுல விழுந்திருக்கார்."

"அப்ப ஓட்டை எங்க பாஸ்? இங்க வெறும் தரைதானே இருக்கு!"

ஒதில் அதற்குள் வட்டத்தின் நடுவே மண்டியிட்டிருந்தாள். இரண்டு கையாலும் மண்ணை அள்ளினாள். உதறினாள். மறுபடி அள்ளினாள். இந்தச் சரிவில் எங்கே கைவைத்தாலும் சிப்பி வரும். எந்தக் காலத்திலோ கடல் இருந்து போன இடம். குட்டிக் குட்டிச் சிப்பி ஓடுகள் சுண்ணாம்போடு கலந்து கிடக்கும். அவள் விரலிடுக்கில் வழிந்தது மாவு போன்ற பழுப்பு மண். ஒரு ஓடுகூட இல்லை.

"இது இங்க இருந்த மண்ணே இல்ல. மழை அடிச்சுக்கிட்டுப் போய் அடி வாய்க்கால்ல படியற வண்டல். கல்லும் சிப்பியும் மேலேயே தங்கிடும், பொடி மட்டும்தான் கீழ வரும். அதை வாரி ட்ரெய்லர்ல போட்டு அவங்கவங்க வரிசைக்குத் திருப்பிக் கொண்டுபோவோம். எங்க மலை நழுவறது, நாங்க சுமந்து ஏத்தறது, அதுதான் பொழைப்பு."

"புதன்கிழமை யார் மண் ஏத்தினது?"

ஒதில் பதில் சொல்லவேண்டியிருக்கவில்லை. வரிசையின் முனையில், மண்வெட்டியைக் கையில் பிடித்தபடி ஃபிர்மன் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ. அறுபதைக் கடந்த பெரிய உடம்பு, மூன்று நாளில் பாதியாகியிருந்தது.

"நான்தான்," என்றார்.

மழையின் முதல் துளிகள் இலையில் விழுந்தன.

"கை சும்மா இருந்தா பைத்தியம் பிடிக்கும்னு மத்தியானம் ட்ரெய்லரை எடுத்தேன். இங்க வாயைத் திறந்துக்கிட்டு ஒரு ஓட்டை. அதிகாரிங்க காதுல விழுந்தா அபாயம்னு சரிவு பூரா வேலி போட்டு மூடிடுவாங்க. எனக்கும் போச்சு, காஸ்பாருக்கும் போச்சு. யாரும் பாக்கறதுக்குள்ள தூத்துடலாம்னு ரெண்டு கட்டையைக் குறுக்கப் போட்டு மண்ணைக் கொட்டினேன். முழுசும் கொட்டினேன். அப்புறம்தான் கொடிக்கு அடியில அவன் லாந்தர் கிடந்ததைப் பாத்தேன்."

ஃபிர்மன் ஒதிலின் பக்கம் திரும்பினார். 

"கூப்பிட்டேன் ஒதில். படுத்து, காதை வெச்சுக் கூப்பிட்டேன். பதில் இல்ல. கொன்னுட்டேன்னு நெனச்சேன். என் கையால, அவனுக்கும் சேத்து நல்லது செய்யறதா நெனச்சு, கொன்னுட்டேன். போலீஸ் வந்து கேட்டப்ப வாய்ல ஆறுன்னு வந்துச்சு."

இத்தனை வருஷமும் ஒதில் அவரை மரியாதை இல்லாமல் ஒரு சொல் பேசியதில்லை.

"மூணு நாள்!" என்று கத்தினாள். "நான் ஆத்தங்கரையில நிக்கறதைப் பாத்துக்கிட்டே இருந்தியே! எனக்குச் சூப்பு கொண்டுவந்து கொடுத்தியே! நீ மனுஷனா?"

"இல்ல," என்றார் ஃபிர்மன். மண்வெட்டியோடு வட்டத்துக்குள் வந்து தோண்ட ஆரம்பித்தார்.

சபீன் போனில் லெகோந்தைப் பிடித்திருந்தாள். "ஆத்தை விடுங்க. தீயணைப்பு வண்டி, கயிறு, டாக்டர்... ஆமா, தோட்டத்துக்கு. வண்டியைச் சாலையிலேயே நிறுத்துங்க, இந்தத் தரை தாங்காது." போனை வைத்துவிட்டு வானத்தைப் பார்த்தாள். "அவங்க வர்ற வரைக்கும் மழை காத்திருக்காது. இந்த வண்டல் நனைஞ்சா என்ன ஆகும்?"

"கூழாகி உள்ள இறங்கும்," என்றாள் ஒதில். "மொத்தமா இறங்கும்."

"ட்ராக்டர்?" என்றான் பஸ்தியன்.

"ட்ராக்டர் ஏறினா கூரையே அவர் மேல. கை இருக்கில்ல உனக்கு? அந்த ரெண்டு ஸ்வெட்டரையும் கழட்டு," என்றாள் சபீன்.

அவன் கழற்றினான். நால்வரும் தோண்டினார்கள். ஃபிர்மன் வெட்டினார், மற்றவர்கள் கையாலும் காலி டின்னாலும் வாரி வெளியே எறிந்தார்கள். மழை வலுத்தது. வாரின இடத்திலேயே மண் மறுபடி சரிந்தது. ஒதிலின் நகங்கள் பிய்ந்தன; அவளுக்குத் தெரியவில்லை. இந்த மண்ணுக்குத்தான் வாழ்நாள் முழுக்க ஊழியம் செய்தாள். உரம் பார்த்து, கல் பார்த்து, ஓடிப்போனதைச் சுமந்து வந்து போட்டு, பிள்ளையை வளர்ப்பது போல வளர்த்தாள். இப்போது அது கை நிறைய வாயை நிரப்பிக்கொண்டு அவனைத் தர மாட்டேன் என்றது. அவள் அதைத் திட்டினாள். கெட்ட வார்த்தையால் திட்டினாள். அழுதுகொண்டே திட்டினாள்.

மண்வெட்டி மரத்தில் இடித்தது.

ஃபிர்மன் கட்டையின் ஒரு முனையைப் பிடித்தார். பஸ்தியன் மறு முனையைப் பிடித்தான். அது அசைந்து, ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. உள்ளே கறுப்பு. அந்த இடுக்கிலிருந்து மெதுவாக ஒரு கதகதப்பு எழும்பி வந்து ஒதிலின் நனைந்த முகத்தில் பட்டது.

"காஸ்பார்!"

குழி அவள் குரலை வாங்கி எங்கோ தூரத்தில் போட்டது. வேறு ஒன்றும் இல்லை.

"காஸ்பார்! நான்தான், ஒதில்! காஸ்பார்!"

மழைச் சத்தம்தான் கேட்டது.

"நானும் இப்படித்தான் கூப்பிட்டேன்," என்றார் ஃபிர்மன். அவர் உதடு கோணியது. "இதே மாதிரிதான்."

"எல்லாரும் வாயை மூடுங்க," என்றாள் சபீன். "விழுந்தப்ப மயங்கிக் கிடந்திருக்கலாம். உள்ளே சுண்ணாம்புக் கல். கல்லுல தண்ணி கசியும். தண்ணி இருந்தா மூணு நாள் மனுஷன் தாங்குவான். மூச்சுகூட விடாம கேளுங்க."

கேட்டார்கள். ஒதில் இடுக்கில் தலையை நுழைத்து, கண்ணை மூடி, வாழ்க்கையில் இதுவரை எதையும் கேட்காத அளவுக்குக் கேட்டாள். தண்ணீர் சொட்டியது. மண் பொலபொலவென்று உதிர்ந்தது. இருமல்.

மண் உதிர்ந்த சத்தமாக இருக்குமோ என்று நினைத்தாள். மறுபடியும் இருமல்.

"...ஒதில்?"

அது அவன் குரல் போலவே இல்லை. காய்ந்த சருகு உரசுவது போல இருந்தது. ஆனாலும் அவன்தான். பஸ்தியன் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டான். சபீன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினாள்.

"இருக்கேன்! இங்கதான் இருக்கேன்! அசையாதே, ஆளுங்க வர்றாங்க, கயிறு வருது. அடி பட்டிருக்கா?"

"கால்... கால் போச்சு." நீண்ட நேரம் மூச்சு வாங்கும் சத்தம். பிறகு, "பாதி டின்தான்... மீதியை வெக்கறதுக்குள்ள... ஒதில், துளிர் என்ன ஆச்சு?"

அவள் தலையை நிமிர்த்திப் பார்த்தாள். அந்த வட்டத்தைத் தாண்டி, மேலிருந்து கீழ் வரை, சாலைக்கு அப்பால் அவளுடைய சொந்த வரிசைகள் வரை, மழையில் நனைந்து இன்னும் கறுப்பாகத் தொங்கின. இந்த வருஷம் அவர்களுக்கு ஒரு பாட்டில் ஒயின் கிடையாது. மண்வெட்டியைப் பிடித்திருந்த ஃபிர்மன் தலையைக் குனிந்துகொண்டார்.

திராட்சை விஷயத்தில் ஒதில் காஸ்பாரிடம் அன்றுவரை ஒரு பொய் சொன்னதில்லை.

"எல்லாம் பச்சையா இருக்கு," என்றாள் குழிக்குள். "அத்தனையும் தப்பிச்சுடுச்சு. நீயும் வந்துடு."